மரத்துள் உறைந்த மணம்

கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு 1935ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றியது. அக்கால இதழொன்று யார் வீட்டுப் பெட்டியிலேனும் தப்பிப் பிழைத்திருக்குமாயின், அதனைத் திறப்பவர் முதலில் அறிவது எழுத்தை அன்று, மணத்தையே அறிவர். பழுப்பேறி, மடித்த இடத்தில் முறிந்துபோகும் அத்தாளிலிருந்து மெல்லிய இனிய மணம் எழும். புழுதியும் ஈரமும் அதிற் கலந்திருப்பினும் அடியில் வனிலாவின் சாயல் ஒன்று உண்டு. நூலகத்திற் பழகியோர் இதனை நன்கறிவர். பழைய நூலின் மணம் என்று போற்றுவோரும் உளர். உண்மையில் அது, தாள் அழிந்துகொண்டிருப்பதன் மணம்.

சிராங்கூன் சாலைக் கடைகளிற் புகையும் சாம்பிராணிக்கும், தேக்கா அங்காடிக்கு வெளியே சிறுவர் சுவைக்கும் ஐஸ்கிரீமுக்கும், இப்பழந்தாளுக்கும் உறவு உண்டென்றால் வியப்பாகத் தோன்றும். ஆயினும் அவ்வுறவு உண்மையானது. அது மரத்தின் வழி வந்த உறவு.

மரத்தின் உடலில் இழைகளாய் நிற்பது செல்லுலோஸ். அவ்விழைகளை இறுகப் பிணைத்து மரத்தை நிமிர்ந்து நிற்கச் செய்வது லிக்னின் என்னும் பொருள். கட்டடத்தில் இரும்புக் கம்பிகளைச் சிமிட்டி பிணைப்பது போன்றதே இதுவும். மரத்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு லிக்னினே. ஊசியிலை மரங்களில் இது கோனிஃபெரைல் ஆல்கஹால் என்னும் சிறு மூலக்கூறுகள் எண்ணிறந்தன பிணைந்து உருவாவது. அம்மூலக்கூற்றின் வால் போன்ற பகுதி ஆக்சிஜனால் அறுபடுமாயின் வனிலின் பிறக்கும். வனிலாக் காயின் மணத்திற்கு முதற்காரணமான பொருளும் வனிலினே.

இவ்வேதியியல் பிறப்பதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே தமிழர் மரத்துள் உறைந்த மணத்தை அறிந்திருந்தனர். சாம்பிராணி என்ற ஒரே பெயரால் இன்று பலவகைப் பிசின்கள் விற்கப்படுகின்றன. அவற்றுள் தென்கிழக்காசியாவுக்கு உரியது, சுமத்திராவிலும் லாவோஸ் மலைகளிலும் வளரும் ஸ்டைராக்ஸ் இன மரங்களின் பட்டையைக் கீறிப் பெறுவது. மலாயர் அதனைக் கெமெஞான் என்பர். வணிகர் சயாம் சாம்பிராணி என்றழைத்த உயர்ந்த வகையில் பெரும்பகுதி கோனிஃபெரைல் பென்சோயேட் என்னும் பொருளாகும். வனிலினும் சிறிதளவு கலந்திருக்கும். ஆகவே தணலில் இட்டதும் அதில் வனிலா மணம் எழுவது தற்செயல் அன்று.

சுமத்திராவின் மேலைக் கரையிலுள்ள பாரூஸ், கற்பூரத்திற்கும் சாம்பிராணிக்கும் பெயர்பெற்ற பழந்துறைமுகம். அதனையடுத்த லோபு துவாவில் 1873ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு கி.பி. 1088ஆம் ஆண்டிற்குரியது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினர் அதனைப் பொறித்தனர். கல் சிதைந்துவிட்டது. எஞ்சிய வரிகள், அங்கு வரும் மரக்கலத்தின் தலைவர் முதலானோர் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்த வேண்டுமென்று விதிக்கின்றன. வங்கக் கடலைக் கடந்து அவ்வணிகர் எதனை நாடிச் சென்றனர் என்பதை அந்நிலத்தின் விளைபொருள்களே காட்டும்.

மொழி பயில்வோர் சுவைக்கத்தக்க செய்தி ஒன்றும் இதனுள் உண்டு. அராபியர் இப்பிசினை லுபான் ஜாவி, அதாவது சாவகத்துக் குந்துருக்கம், என்றனர். அத்தொடர் ஐரோப்பியர் வாயில் தேய்ந்து பென்சாயின் ஆயிற்று. பென்சாயினிலிருந்து பென்சோயிக் அமிலமும், அதிலிருந்து பென்சீனும் பெயர் பெற்றன. வேதியியல் வகுப்பில் மாணவர் நாளும் எழுதும் பென்சீன் என்னும் சொல்லுக்குள் சுமத்திராக் காட்டின் சாம்பிராணி ஒளிந்திருப்பதை ஆசிரியர் பலரும் சுட்டுவதில்லை.

1819க்குப் பின் சிங்கப்பூர் தீர்வையற்ற துறைமுகமாய் வளர்ந்தபோது, சுமத்திராவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த சாம்பிராணி இங்கே இறங்கி, இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் மீண்டும் கப்பலேறிற்று. பட்டையை அளவறிந்து கீறினால் மரம் சாவதில்லை. பல ஆண்டுகள் பிசின் தரும். கற்பூர மரத்தின் நிலை வேறு. அதன் உள்ளே உறைந்த கற்பூரத்தைப் பெற மரத்தையே வீழ்த்திப் பிளந்தனர். சிங்கப்பூர்க் காடுகளும் இத்தகைய இழப்பிற்குத் தப்பவில்லை. 1840களில் கட்டாப்பெர்ச்சா என்னும் மரப்பாலின் அருமையை ஐரோப்பியர் அறிந்தனர். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட அதனினும் சிறந்த பொருள் அன்று இல்லை. பாலெடுப்போர் மரத்தை வெட்டிச் சாய்த்தே பாலெடுத்தனர். சில்லாண்டுகளிலேயே அம்மரம் இத்தீவில் காண்பதற்கு அரிதாயிற்று.

வனிலா மெக்சிக்கோவிற்குரிய ஆர்க்கிட் கொடி. 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிமுக்கு அது தூரத்து உறவு. மெக்சிக்கோவிற்கு வெளியே அது பூத்ததே அன்றிக் காய்த்ததில்லை. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியொன்றால் மலரின் மகரந்தத்தைச் சூலகமுடியிற் சேர்க்கும் எளிய முறையைக் கண்டான். இன்றும் உலகின் வனிலாத் தோட்டங்களில் ஒவ்வொரு மலரையும் கையாலேயே தொட வேண்டியுள்ளது. அதனாலேயே காயின் விலை உயர்ந்து நிற்கிறது. அச்சிறுவனோ பின்னாளில் விடுதலை பெற்றும் வறுமையிலேயே மறைந்தான்.

காயிலிருந்து வனிலினைப் பிரெஞ்சு அறிஞர் கோப்லே 1858இல் பிரித்தெடுத்தார். 1874இல் டீமன், ஹார்மன் என்னும் ஜெர்மானியர் இருவர், ஊசியிலை மரத்தின் பட்டைக்கு அடியிலுள்ள சாற்றில் கிடைக்கும் கோனிஃபெரின் என்னும் பொருளிலிருந்து வனிலினைச் செய்தனர். ஹார்மன் தம் ஊராகிய ஹோல்ஸ்மிண்டனில் தொழிற்சாலை அமைத்தார். வனிலா முதன்முதல் தொழிற்சாலையிற் பிறந்தது மரத்திலிருந்தே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அத்தொழிற்சாலையின் வழிவந்த சிம்ரைஸ் நிறுவனம் இன்று சிங்கப்பூரிலும் இயங்குகிறது. மரச்சாறு போதாமையால் பின்னர்க் கிராம்பு எண்ணெயை நாடினர்.

இதற்கிடையே தாள் தொழில் வளர்ந்தது. வெண்மையான நல்ல தாள் செய்யவேண்டின் மரத்திலிருந்து லிக்னினை நீக்கவேண்டும். சல்பைட்டு முறை ஆலைகள் அதனைக் கரைத்துக் கழிவுநீராய் ஆறுகளில் விட்டன. மீனினம் நலிந்தது, ஆலையைச் சூழ்ந்த ஊர்கள் முறையிட்டன. 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அக்கழிவைக் காரத்துடன் சேர்த்து அழுத்தத்திற் சூடாக்கி வனிலின் எடுக்கத் தொடங்கினர். கனடாவின் தோரல்டு ஊரிலும் பேராலை ஒன்று எழுந்தது. ஆற்றைக் கெடுத்த பொருள் இனிப்புக் கடைக்குச் சென்றது. ஆயினும் வனிலின் எடுத்தபின் எஞ்சிய காரக் கழிவு புதிய சிக்கலாயிற்று. தோரல்டு ஆலை 1987இல் மூடப்பட்டது. கழிவிலிருந்து செய்வதெல்லாம் தூயது என்று கொள்வது எத்துணைப் பிழை என்பதற்கு அதுவே சான்று.

நார்வேயின் சார்ப்ஸ்போர்க்கிலுள்ள போரிகார்டு நிறுவனம் 1962 முதல் ஸ்புரூஸ் மரத்திலிருந்து வனிலின் செய்துவருகிறது. ஒரே மரத்தின் செல்லுலோஸ், சர்க்கரை, லிக்னின் ஆகிய மூன்றையும் பயன்கொள்வதால், வீணாவது அங்கே குறைகிறது. ஆயினும் உலகில் விற்கும் வனிலினிற் பெரும்பகுதி இன்று பெட்ரோலியப் பொருளிலிருந்தே வருகிறது. காயிலிருந்து வருவதோ நூற்றில் ஒரு பங்கும் இல்லை. அதனை நோக்க, வெட்டியபின் மீண்டும் நட்டு வளர்க்கத்தக்க மரத்தின் வழி மேலானது என்பதில் ஐயமில்லை.

செய்தித்தாளின் கதை இதற்கு நேர்மாறானது. விலை மலிவாய் இருத்தற்பொருட்டு, மரத்தை வெறுமனே அரைத்த கூழே அதற்குப் பெரிதும் பயன்பட்டது. லிக்னின் நீக்கப்படாமல் தாளிலேயே தங்கியது. ஒளியும் காற்றும் பட்டு அது சிதையும்போது தாள் மஞ்சளாகும். வனிலினும் அதனைச் சார்ந்த பொருள்களும் சிறிது சிறிதாய் ஆவியாகும். உடன் தோன்றும் அமிலம் செல்லுலோஸ் இழைகளை அறுக்கும். நார்வேயில் ஆலை செய்யும் வேலையை இங்கே சிங்கப்பூரின் வெப்பமும் ஈரமும் விலையின்றிச் செய்கின்றன.

இவ்வூர்த் தமிழின் வரலாறு பெரும்பாலும் அத்தகைய தாளிலேயே அச்சாயிற்று என்பதே கவலைக்குரியது. கதை, கவிதை, கட்டுரை, வாசகர் கடிதம், சொற்போர் என இதழ்களில் வந்தவற்றுள் நூல்வடிவம் பெற்றவை சிலவே. 1887இல் மகுதூம் சாயிபு தொடங்கிய சிங்கை நேசன் தொட்டு எத்தனையோ இதழ்கள் எழுந்து மறைந்தன. தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலகம் நுண்படச் சுருளிலும், பின்னர் மின்வடிவிலும் காத்துள்ளது. 1965 முதல் ஐம்பதாண்டுக் காலச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தொண்டர் பலர் கூடி மின்வடிவாக்கி 2015இல் அந்நூலகத்திடம் அளித்தனர்.

பள்ளி ஆண்டு மலர்களும், சங்க விழா மலர்களும், கோயில் குடமுழுக்கு மலர்களும் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் அடுக்கியபடியே உள்ளன. இரும்பு ஊசிகளை நீக்கி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைத்தால் அவை சில காலம் தாங்கும். படியெடுக்கும்வரை தாங்கினால் போதும்.