டீக்கடை பெஞ்சில் சின்னப் பிள்ளைகள்



பூநாரை சீசன் வந்தால், பழவேற்காடு போகிற குடும்பங்கள் நிறைய பேர் எங்கள் மீஞ்சூர் வழியாகத்தான் போவார்கள். வழியில் வண்டியை ஓரம் கட்டி ரெண்டு டீ, பிள்ளைக்கு ஒரு பால், தொட்டுக்கொள்ள பொறை. "மாஸ்டர், பாப்பாவுக்கு நல்லா ஆத்திக் கொடுங்க" என்றால் முடிந்தது. குழந்தையோடு டீக்கடைக்குப் போகலாமா என்று இங்கே யாரும் யோசிப்பதில்லை. ஆனால் இந்த பெஞ்சில் எல்லாப் பிள்ளைகளும் உட்கார முடிந்ததா என்று கேட்டால், அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

முதலில் டீ எப்படி வந்தது என்று பார்ப்போம். 1613-ல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. ஐரோப்பாவுக்குத் தேயிலையை வியாபாரச் சரக்காக முதலில் கொண்டு போனதும் இதே கம்பெனிதான். ஆனால் பழவேற்காட்டில் அவர்கள் வாங்கியது துணி. நம்ம ஊர்க்காரன் டீ குடிக்க அதற்குப் பிறகு முந்நூறு வருஷம் ஆனது. நீலகிரியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தேயிலைத் தோட்டங்கள் வந்துவிட்டன. ஆனாலும் விளைந்ததெல்லாம் பெரும்பாலும் கப்பலேறிப் போனது.

நான் பி.காம். படிப்பதால் அடுத்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1930-களில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வெளிநாட்டில் டீ விற்கவில்லை, சரக்கு தேங்கியது. உடனே முதலாளிகளுக்கு உள்ளூர்க்காரன் ஞாபகம் வந்தான். ஏற்கெனவே 1903-ல் தேயிலை மீது ஒரு வரி போட்டு விளம்பர நிதி சேர்த்திருந்தார்கள். 1937-ல் சந்தை விரிவாக்க வாரியம் என்றே ஒன்று வந்தது. வீடு வீடாகப் போய் டீ போட்டுக் காட்டினார்கள், இலவசமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். டீ போடுவது எப்படி என்று ரயில் நிலையங்களில் எனாமல் போர்டு மாட்டினார்கள்.

மொராக்கோ கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1850-களில் கிரிமியப் போரால் வழக்கமான சந்தை அடைபட்டபோது, பிரிட்டிஷ் வியாபாரிகள் சீனத்துப் பச்சைத் தேயிலையை மொராக்கோ துறைமுகங்களில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்குள்ளவர்கள் அதில் புதினாவும் சர்க்கரையும் போட்டுத் தங்கள் பானமாக்கிக்கொண்டார்கள். நாம் பாலை ஊற்றி நம்முடையதாக்கிக்கொண்டோம். அவர்களும் உயரத்தூக்கி ஊற்றுகிறார்கள், நம்ம மாஸ்டரும் உயரத்தூக்கி ஆற்றுகிறார்! இரண்டு ஊரின் "பாரம்பரிய பானமும்" விற்காத சரக்கிலிருந்து வளர்ந்ததுதான்.

அப்புறம் சி.டி.சி. என்ற தூள் தேயிலை பரவியது. கொஞ்சம் தூளிலேயே நிறம் இறங்கும், நிறைய கிளாஸ் போடலாம். காப்பி வசதியானவர் வீட்டுப் பானம், டீ உழைப்பாளி பானம் என்று ஆனது இப்படித்தான்.

ஆனால் உழைப்பாளிகள் எல்லோருக்கும் ஒரே கிளாஸ் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் பல கிராமங்களில் தலித் மக்களுக்குத் தனி கிளாஸ் வைத்தார்கள். சில இடங்களில் கொட்டாங்குச்சி. பெஞ்சில் உட்காரக் கூடாது, குடித்த கிளாஸைத் தானே கழுவி வைக்க வேண்டும். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளை சாதி என்றால் என்ன என்று முதலில் தெரிந்துகொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, டீக்கடை வாசலில். கடைகளிலும் ஓட்டல்களிலும் பாகுபாடு கூடாது என்று 1950-ல் அரசியல் சட்டம் சொன்னது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் இரட்டைக் குவளை பல பத்தாண்டுகள் நீடித்தது.

பெண் பிள்ளைகள் கதை வேறு. பையன் தாத்தாவோடு பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தியில் கன்னித்தீவு படிப்பான். 1960-லிருந்து வருகிற படக்கதை, எழுத்துக்கூட்டிப் படிக்க அதைவிட நல்ல பாடம் ஏது? பெண் குழந்தை தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டும்.

இன்னொரு பிள்ளையும் அந்தக் கடையில் இருந்தான். கிளாஸ் கழுவுகிற பையன். டீ குடிக்க வந்த பையனுக்கும் அவனுக்கும் ஒரே வயதாகக்கூட இருக்கும். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆபத்தான வேலைகளைத்தான் தடுத்தது, டீக்கடை அந்தப் பட்டியலில் இல்லை. இருபது வருஷம் கழித்து, 2006 அக்டோபர் 10 முதல்தான் டீக்கடை, ஓட்டல், வீட்டுவேலை எல்லாம் தடைக்குள் வந்தன. 2016-ல் திருத்தம் வந்து, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றானது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் வைத்தார்கள். அந்த விலக்கில் எத்தனை பிள்ளைகள் மறைந்துவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.

சட்டத்தைவிட சோறு அதிகம் செய்தது என்றும் சொல்லலாம். மதிய உணவு, 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இரண்டும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்தன. அம்மா விடியுமுன்னே மீன் ஏலத்துக்குப் போய்விடும் வீட்டில், டீயும் பன்னும்தான் பிள்ளையின் நாஷ்டா என்ற நிலையைச் சூடான உப்புமா கொஞ்சமாவது மாற்றும். சாப்பாட்டோடு டீ குடித்தால் உடம்பில் இரும்புச்சத்து சரியாகச் சேராது, வளரும் பிள்ளைகளுக்கு அது நல்லதும் இல்லை.

அதனால் பிள்ளைகளை டீக்கடைக்குத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். டீக்குப் பதில் பால் வாங்கிக் கொடுங்கள், கன்னித்தீவு படிக்கச் சொல்லுங்கள், பெண் பிள்ளையையும் பெஞ்சில் உட்கார வையுங்கள். காலி கிளாஸை எடுக்க வருவது யார் என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள். அவன் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பையன் என்றால் 1098-க்கு ஒரு போன் போடுங்கள். காசு செலவு இல்லை.