கல்லில் பதிந்த இறகு

பறவை என்பது யாது? இவ்வினாவை வகுப்பில் எழுப்பினால், ‘இறகுடையது பறவை’ என மாணாக்கர் தயங்காது விடை பகர்வர். நானும் நெடுங்காலம் அவ்விடைக்கு முழுப் புள்ளி வழங்கி வந்தவனே. அவ்விடை இன்று போதாது. அது போதாமற் போன வரலாறு ஒரு கற்சுரங்கத்தில் தொடங்குகின்றது.

ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் சோல்ன்ஹோஃபன் என்னும் சிற்றூர் உண்டு. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகட்கு முன்னர் அங்கே ஆழமற்ற உப்பங்கழிகள் இருந்தன. அவற்றின் அடியிற் படிந்த சுண்ணாம்புச் சேறு இறுகி, மாவினும் நுண்ணிய மணிகளையுடைய கல்லாயிற்று. 1796ஆம் ஆண்டில் அலோய்ஸ் செனஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டறிந்த பின்னர் இக்கல்லுக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. அச்சுக்குரிய கல்லில் மாசு மறு இருத்தல் ஆகாது. எனவே தொழிலாளர் ஒவ்வொரு பலகையையும் கையாற் பிளந்து, கண்ணால் நோக்கியே எடுத்தனர். அந்நோக்கில் அகப்பட்டவையே இக்கட்டுரையின் பொருள். அச்சுத் தொழில் இல்லையேல், பறவையின் தொல்வரலாறு கல்லுக்குள்ளேயே உறங்கியிருக்கும் போலும்!

1861இல் ஹெர்மன் ஃபான் மேயர் என்னும் அறிஞர் அக்கல்லிற் பதிந்திருந்த தனி இறகு ஒன்றை உலகுக்கு அறிவித்தார். ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராஃபிக்கா என்று அதற்குப் பெயரும் சூட்டினார். ‘அச்சுக் கல்லின் தொன்மைச் சிறகு’ என்பது அதன் பொருள். அதே ஆண்டில் இறகுப் பதிவுகளோடு கூடிய எலும்புக்கூடு ஒன்றும் வெளிப்பட்டது. அது மருத்துவர் கார்ல் ஹேபெர்லைனின் கைக்கு வந்தது; மருத்துவம் பார்த்ததற்கு ஈடாக அதனைப் பெற்றார் என்பர். 1862இல் பிரித்தானிய அருங்காட்சியகம் வேறு பல படிவங்களோடு அதனை 700 பவுன் கொடுத்து வாங்கிற்று.

டார்வினின் நூல் வெளிவந்து அப்பொழுது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. ஊர்வனவற்றுக்கும் பறவைகட்கும் இடைப்பட்ட உயிர் எங்கே என வினவியோர்க்கு இப்படிவம் விடையாக நின்றது. இதற்கு இறகு உண்டு. ஆயின் சிறகின் நுனியில் உகிர் பொருந்திய மூன்று விரல்களும் உண்டு. வாலோ, பல்லியின் வாலைப் போல் நீண்ட எலும்புத் தொடர். டார்வினின் கொள்கையை ஏற்காத ரிச்சர்டு ஓவன் 1863இல் இதனை ஆராய்ந்து, இது பறவையே என உரைத்தார். தலை காணப்படாமையால் அவர்க்கு ஐயம் எழவில்லை போலும். 1865இல் ஜான் எவான்ஸ் அதே கற்பலகையில் பல்லுடைய தாடைத் துண்டு இருப்பதைச் சுட்டினார். பின்னர்க் கிடைத்துப் பெர்லினைச் சேர்ந்த மற்றொரு படிவம், தலையோடும் பல்லோடும் முழுமையாக இருந்து ஐயத்தை அகற்றிற்று.

தாமஸ் ஹக்ஸ்லி ஒருபடி மேற்சென்றார். கோழியளவே உள்ள காம்சோக்னாதஸ் என்னும் சிறு தைனோசரையும் இப்பறவையையும் ஒப்பிட்டு, இரண்டும் நெருங்கிய உறவின என்றார். அவ்வுரை ஏன் நிலைபெறவில்லை? டென்மார்க்கு நாட்டு ஓவியர் கெர்ஹார்டு ஹைல்மன், 1926இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில் ஒரு தடையை எழுப்பினார். பறவையின் நெஞ்சில் காறை எலும்புகள் இரண்டும் இணைந்த கவை வடிவ எலும்பு ஒன்று உண்டு. கோழிக்கறி உண்போர் அறிவர். தைனோசர்கட்குக் காறை எலும்பே இல்லை. இழந்த உறுப்பு மீண்டும் தோன்றாது. ஆகவே அவை பறவைக்கு மூதாதையர் ஆகா என்பது அவர் வாதம். வாதம் செம்மையானதே, சான்றுதான் பிழை. ஓவிராப்டர் என்னும் தைனோசரின் கவை எலும்பு 1924இலேயே படத்துடன் வெளியாகியிருந்தது. வேறோர் எலும்பெனப் பிழையாகப் பெயரிடப்பட்டமையால் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. ‘கண்டிலோம்’ என்பதனை ‘இல்லை’ எனக் கொண்டதால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது.

அம்முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் ஆஸ்ட்ரம். மொன்டானாவில் 1964இல் கிடைத்த டைனோனிக்கஸின் மணிக்கட்டில், கையை மடக்க உதவும் பிறை வடிவ எலும்பைக் கண்டார். ஆர்க்கியாப்டெரிக்ஸின் கையமைப்பும் அதனை ஒத்திருந்தது. 1970இல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகர அருங்காட்சியகத்தில், பறக்கும் ஊர்வன எனப் பெயரிடப்பட்டிருந்த ஒரு கல்லைச் சாளர ஒளியிற் சாய்த்து நோக்கினார். மங்கிய இறகுக் கோடுகள் தெரிந்தன. உண்மையை உரைத்தால் கல்லைத் தரமாட்டார்களோ என அஞ்சியும் உரைத்தார். காப்பாளரோ அதனைக் காலணிப் பெட்டியொன்றில் இட்டு அவரிடமே கொடுத்தனுப்பினாராம்.

1996இல் சீனாவின் லியாவோனிங்கிலிருந்து மெல்லிழை போர்த்த சைனோசாரப்டெரிக்ஸ் அறிவிக்கப்பட்டது. 1998இல் காடிப்டெரிக்ஸ் வந்தது. அதன் கையில் ஈர்க்கோடு கூடிய உண்மையான இறகுகள் இருந்தன. ஆயின் அக்கைகள் பறத்தற்கு மிகக் குறுகியவை. உடல் வெம்மைக்கோ, துணையைக் கவர்தற்கோ தோன்றிய இறகு, பின்னரே பறத்தற்குப் பயன்பட்டிருக்கலாம் என அறிஞர் கருதுகின்றனர். இறகுடையன யாவும் பறவையல்ல என்பது இவ்வாறு தெளிவாயிற்று. தைனோசர் என்றால் செதில் வரையப் பழகிய என் தலைமுறை ஆசிரியர்க்கு இச்செய்தி எளிதிற் செரிக்கவில்லை.

ஆஸ்ட்ரம் கண்ட ஹார்லெம் படிவமும் ஆர்க்கியாப்டெரிக்ஸ் அன்று எனக் கூறிய ஆய்வாளர், 2017இல் அதனைப் பிரித்து, அவர் நினைவாக ஆஸ்ட்ரோமியா எனப் பெயரிட்டனர். 1861இன் அத்தனி இறகோ, இரு பாதிகளாகப் பெர்லினிலும் மியூனிக்கிலும் வைக்கப்பட்டது. அது வேறோர் உயிரினுடையது என 2019இல் ஒரு குழுவினர் எழுதினர். ஆர்க்கியாப்டெரிக்ஸின் இறகே என 2020இல் மற்றொரு குழுவினர் மறுத்தெழுதினர்.