தவக்கால வீடுகளில் மரியாளின் புலம்பல்

யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் இயேசுவின் தாய் சிலுவையருகே நிற்கிறார். அவ்வளவுதான். மகன் அவரிடம் பேசுகிறார். அவர் பேசியதாக ஒரு சொல்லும் அங்கே பதிவாகவில்லை. அழுதார் என்றுகூட நற்செய்தியாளர் எழுதவில்லை. மறைநூல் விட்டுச்சென்ற இந்த மௌனத்திற்குள் நுழைந்து, கேரளத்துச் சிரிய கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தவக்காலத்தில் ஒரு பாட்டைப் பாடி வந்துள்ளன.

‘புத்தன்பான’ என்பது அதன் பெயர். ‘புதிய பான’ என்று பொருள். பான என்பது ஒரு பாட்டு வடிவம். குருவாயூரப்பனின் அடியவரான பூந்தானம் நம்பூதிரியின் ‘ஞானப்பான’ அவ்வடிவில் புகழ்பெற்றது. குழந்தையை இழந்த துயரிலிருந்து பூந்தானம் அதனைப் பாடினார் என்பது மரபு. கிறிஸ்துவின் வரலாற்றைச் சொல்ல அதே வடிவத்தைத் தேர்ந்தவர், மலையாளிகள் அர்ணோஸ் பாதிரி என்றழைக்கும் யோகான் எர்ன்ஸ்ட் ஹாங்ஸ்லேடன். 1681இல் ஜெர்மனியில் பிறந்த இயேசு சபைத் துறவி அவர். 1700ஆம் ஆண்டின் இறுதியில் சூரத்தில் வந்திறங்கிப் பின்னர் கேரளத்தின் அம்பழக்காட்டை அடைந்தார். (புரோயன்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679இல் அச்சேறியதும் இவ்வூரில்தான்.) நம்பூதிரிகளிடம் சமஸ்கிருதம் பயின்று, அம்மொழிக்கு இலக்கணமும் எழுதினார். நெடுங்காலம் காணாமற்போயிருந்த அந்தக் கையெழுத்துப்படி 2010இல் இத்தாலியில் ஒரு மடத்தில் கண்டெடுக்கப்பட்டது. அறிஞர் உலகம் அவரை அந்த இலக்கணத்தால் அறியும்; திருச்சூர்ப் பகுதியின் பாட்டிமார் பாட்டால் அறிவர்.

இதனைப் ‘பண்பாட்டுமயமாதல்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. தேவைதான் முதற்காரணம் என்று கொள்வதே பொருந்தும். அந்நாளில் திருப்பலி சிரிய மொழியில் நடந்தது. 1962 வரை அதுவே நிலை. நான்கு நற்செய்திகளும் மலையாளத்தில் அச்சானது 1811இல். அர்ணோஸ் மறைந்தது 1732இல். அதாவது, மறைநூலைத் தம் மொழியில் வாசிக்க வழியற்றிருந்த மக்களுக்கு அச்சு நூலுக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முன்பே பாட்டு கிடைத்துவிட்டது. எழுத்தறியாதவரும் அதனை மனப்பாடமாக வைத்துக்கொள்ள முடிந்தது.

பதினான்கு பாதங்கள் கொண்ட அந்நூலில் பன்னிரண்டாவது தனித்து நிற்கிறது. மரியாளின் புலம்பல் அது. மற்றப் பாதங்களின் யாப்பை விட்டு, வஞ்சிப்பாட்டுக்குரிய ‘நதோன்னத’ யாப்பில் அமைந்துள்ளது. மகனை விளிக்கும் சொல் அடிதோறும் திரும்பி வந்து விழுகிறது. ஒப்பாரி கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு அந்த அமைப்பு அந்நியமாக இராது. இறையியலை நன்கறிந்த துறவிதான் அதில் மீட்பின் கருத்தையும் வைத்துப் பின்னியுள்ளார். ஆயினும் பாட்டை நகர்த்துவது கருத்தன்று, பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கேள்விகள். நற்செய்தி அவளுக்கு அளிக்காத பேச்சை இந்தப் பாட்டு அளித்தது; பெண்கள் அதைத் தம் வாயால் பாடினர். கோவிலில் புரியாத மொழியைக் கேட்டு நின்றவர்களே வீட்டில் மறைநூலுக்குக் குரலாயினர்.

அந்த வீட்டுக்கும் தவக்காலத்தில் தனி ஒழுங்கு உண்டு. ஐம்பது நோன்பு திங்களன்று தொடங்கும். சாம்பல் புதனுக்காகக் காத்திராது. மரபான நோன்பில் இறைச்சியோடு மீன், முட்டை, பால் ஆகியனவும் விலக்கப்படும். பெரிய வியாழன் இரவில் புளிக்காத மாவில் பெசஹா அப்பம் சுடுவர். குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக்கி அதன்மேல் வைப்பர். மன்றாட்டுக்குப் பின் குடும்பத் தலைவர் அதனை அறுத்துப் பகிர்ந்தளிப்பார். மறுநாள் கஞ்சியும் பயறும். அவ்விரு நாள்களே பன்னிரண்டாம் பாதத்திற்கு உரிய நாள்கள்.

ஆனால் அது அந்நாள்களோடு நிற்கவில்லை. சாவு வீடுகளிலும் உடலருகே அமர்ந்து அதனைப் பாடும் வழக்கம் இருந்தது. அவ்வாறு துக்கம் நேர்ந்த வீட்டில் அவ்வாண்டு பெசஹா அப்பம் சுடமாட்டார்கள். பெரிய வியாழன் இரவில் அவர்களுக்கான அப்பம் அண்டை வீட்டிலிருந்து வரும்.