வெந்நீர் ஊற்றும் பொதுவுரிமையும்

தேசியப் பூங்காக்கள் மலைவளத்தையும் விலங்கினத்தையும் காக்கும் பொருட்டே தோன்றின எனப் பலரும் எண்ணுவர். ஆயின், கனடா நாட்டின் முதல் தேசியப் பூங்காவாகிய பான்ஃப், மக்கள் நீராடும் வெந்நீர் ஊற்றுகளை முன்னிட்டே பிறந்தது.

பான்ஃப் நகரையடுத்துக் கந்தக மலை நிற்கிறது. அதன் மீது பொழியும் மழைநீரும் உருகும் பனிநீரும் பாறை வெடிப்புகளின் வழியே நிலத்தின் ஆழத்திற்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தால் சூடேறி, கனிமங்களைக் கரைத்துக்கொண்டு மீண்டும் மேலெழுகின்றன. கந்தக நெடி வீசும் அவ்வூற்றுகளை அப்பகுதியின் தொல்குடியினர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர்.

1883ஆம் ஆண்டில், கனடிய பசிபிக் இருப்புப்பாதைத் தொழிலாளர் மூவர் அங்கு ஒரு குகையைக் கண்டனர். பிராங்க் மெக்கேபும், வில்லியம், தாமஸ் மெக்கார்டெல் என்னும் உடன்பிறந்தாரும் அவர்கள். கூரையிலிருந்த துளையின் வழியே மரமொன்றை இறக்கி, அதைப் பற்றி உள்ளே சென்றனர். ஊற்றைத் தமதாக்கிப் பொருளீட்ட அவர்கள் விரும்பினர். வேறு சிலரும் உரிமை கோரவே, பூசல் மூண்டது. அரசு 1885ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், ஊற்றுகளைச் சூழ்ந்த ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் நிலத்தைப் பொது ஒதுக்கிடமாக அறிவித்தது. 1887இல் அது 673 சதுர கிலோமீட்டராக விரிந்து, சட்டப்படி பூங்காவாயிற்று. மறு ஆண்டே இருப்புப்பாதை நிறுவனம் அங்குப் பெரியதொரு விடுதியைத் திறந்தது.

தனியார் உடைமையாகாது ஊற்று தப்பியது நன்றே. எனினும், 'பொது' என்னும் சொல் அன்று அனைவரையும் தழுவவில்லை. அங்கு வேட்டையாடி வாழ்ந்த ஸ்டோனி நகோடா மக்கள் பல்லாண்டுகள் பூங்காவிலிருந்து விலக்கப்பட்டனர். முதல் உலகப் போரின்போது, பெரும்பாலும் உக்ரேனியரான குடியேறிகள் எதிரி நாட்டவராகக் கருதப்பட்டுச் சிறைவைக்கப்பட்டனர். அவர்களுடைய குளிர்கால முகாம் அக்குகையின் அருகிலேயே இருந்தது. பூங்காவின் சாலைகளில் அவர்தம் உழைப்பும் கலந்துள்ளது.

1914இல் குகையருகே பெரிய நீச்சற்குளம் திறக்கப்பட்டது. பழுதுற்று 1976இல் மூடப்பட்ட அக்குளம், பூங்காவின் நூற்றாண்டான 1985இல் மீண்டும் திறக்கப்பட்டு, 1990களில் நிலையாக மூடப்பட்டது. இன்று குகை ஊற்றில் எவரும் இறங்குதல் கூடாது. அம்மலையின் ஊற்றுகளிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத, பெரும்பாலும் அரை சென்டிமீட்டரைத் தாண்டாத ஒரு நத்தையினம் அங்கு வாழ்வதே அதற்குக் காரணம். 1997இல் அது அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிராக அறிவிக்கப்பட்டது. மனித உடலின் எண்ணெய்ப் பசையும் பூச்சு மருந்துகளும் அதற்குக் கேடு விளைவிப்பன. நீராட விழைவோர் மலையின் மேலுள்ள ஊற்றுக் குளத்திற்குச் செல்கின்றனர்.

மூவர் தமதாக்க முயன்ற ஊற்று நாட்டினருக்கு உரியதாயிற்று. நாட்டினரோ ஒரு சிற்றுயிரின் பொருட்டு அதனின்றும் விலகி நிற்கின்றனர். தொல்குடியினருக்கு மறுக்கப்பட்ட இடம் பின்னர் நத்தைக்குக் கிடைத்தது. பொதுவுரிமை என்பது ஒருநாட் சட்டத்தால் நிறைவுறுவதன்று. விடுபட்டோர் யாவர் எனத் தலைமுறைதோறும் கேட்டுத் திருத்தப்பட வேண்டியது என்பதே பான்ஃப் வரலாறு உணர்த்தும் பாடமாகும்.