பேர் வெட்டியவர்

நேற்று பரண் ஒழித்தபோது அம்மாவின் எவர்சில்வர் தூக்கு அகப்பட்டது. விளிம்பில் உளியால் வெட்டிய அவர் பெயர், இன்னும் தெளிவாக.

1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேயாமலிருக்க, எஃகில் சுமார் 13 சதவீதம் குரோமியம் சேர்த்துப் பார்த்தார். நுண்ணோக்கியில் ஆராய அமிலம் தடவினால், அரிக்கவே இல்லை! கத்தி செய்யக் கொடுத்தார். பதம் பிடிபடாமல் திணறிய பட்டறைக்காரர்கள், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்கள்.

பிறகு 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்த எஃகு பாத்திரங்களுக்கு வந்தது. அதன் குணம் வேறு. மழுங்கிய உளி உரசினால் உரசிய இடமே இன்னும் கெட்டிப்படும்; அடுத்த வெட்டு இறங்காது. கூர் உளி வேண்டும், தயங்காத கை வேண்டும்.

பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டியவருக்கு இதை எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை, கை கற்றுக்கொண்டது. முப்பது வருஷம் வேதியியல் நடத்திய நான், மாணவர்களை ஒருநாளாவது அவரிடம் அழைத்துப் போயிருக்கலாம். ஊரார் பெயரையெல்லாம் வெட்டியவர். அவர் பெயர் என்னவென்றுகூட நான் கேட்டதில்லை.

உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது? எழுதுங்கள்.