கப்பி: ஒரு மீனும் அதன் பெயர்களும்

கப்பி என்றால் நமக்குக் கிணற்று உருளை. சாலையில் பரப்பும் கல்லும் கப்பியே. இன்றைய பிள்ளைகளுக்கோ அது கண்ணாடித் தொட்டியில் வால் விரித்து நீந்தும் வண்ணமீன். அண்மையில் அண்ணாகிராமத்து வாய்க்காலொன்றில் நீர்மட்டத்தை ஒட்டி மிதந்த சிறுமீனைக் காட்டி, "கப்பி ஐயா" என்றான் என் மாணவன். உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு உடைய அம்மீன் கப்பி அன்று; இம்மண்ணுக்கே உரியது. அந்தப் பிழையே கப்பியின் பெயர் வரலாற்றைத் தேட வைத்தது.

கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடகரையும் அதையடுத்த தீவுகளும் ஆகும். வெனிசுவேலாவின் கராகஸ் நகரிலிருந்து கிடைத்த மீன்களைக் கொண்டு, 1859இல் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் அதற்குப் 'பொசீலியா ரெட்டிகுலேட்டா' எனப் பெயரிட்டார். முற்சொல் பன்னிறத்தையும் பிற்சொல் வலைப்பின்னலையும் குறிப்பன. 1861இல் பிலிப்பி என்னும் இத்தாலியர், பார்படோஸ் தீவின் மீன்களுக்கு வேறொரு பெயர் தந்தார். டிரினிடாடில் வாழ்ந்த இயற்கையியலாளர் ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி லண்டனுக்கு அனுப்பிய மீன்களைப் புதியவை என்று கருதிய ஆல்பர்ட் குந்தர், 1866இல் அவர் பெயரையே சூட்டினார்.

முதலில் இட்ட பெயரே செல்லும் என்பது அறிவியல் மரபு. ஆகவே குந்தரின் பெயர் ஏட்டில் நிலைக்கவில்லை. மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. கரீபியத் தீவினரோ, அதன் பெருக்கம் கண்டு 'மில்லியன்ஸ்' என்றே அழைத்தனர்.

முட்டையிடாமல் குஞ்சு ஈனும் மீன் இது, அழுக்கு நீரையும் தாங்கும், கொசுப்புழுவைத் தின்னும். இக்குணங்களால் கொசு ஒழிப்புக்கென உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்தது. பின்னர் அலங்கார மீனாகவும் வீடுகளில் புகுந்தது. ஆனால் வாய்க்காலிலும் குளத்திலும் விட்டால், அது உள்ளூர்ச் சிறுமீன்களின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியாகிறது.

அந்த வெள்ளிப்பொட்டு மீனும் கொசுப்புழுவைத் தின்பதுதான். அதன் உறவினமொன்றை 1822இல் விவரித்த ஹாமில்டன், வங்க மக்களின் வழக்குச்சொல்லையே ஒட்டிப் 'பான்சாக்ஸ்' எனப் பெயரிட்டார். கயல், கெண்டை, ஆரல், அயிரை எனப் பிரித்தறிந்து பெயரிட்ட மொழி நம்முடையது. இன்று வாய்க்காலில் உள்ள சிறுமீன் எல்லாம் 'கப்பி' ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வழங்கினால், அவற்றில் ஒன்று அழிந்துபோகும்போது அது நம் கண்ணில் படுமா?