ஆச்சி விழுந்தாங்க, படுத்தாங்க...

சின்ன வயசுல ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க தெருவுல அடிக்கடி கேட்ட பேச்சு இது: "அந்த வீட்டு ஆச்சி வழுக்கி விழுந்துட்டாங்களாம், இடுப்பு ஒடிஞ்சு போச்சாம்." கேட்டவங்க உச்சுக் கொட்டிட்டு, "இனிமே எங்க எந்திரிக்கப் போறாங்க"ன்னு முடிச்சிருவாங்க.

எங்க ஆச்சிக்கும் அதேதான். பாத்ரூம்ல விழுந்தாங்க. கட்டு போட்டுப் படுக்க வச்சோம். மூணே மாசம். வயசாயிருச்சுன்னு எல்லாரும் சமாதானம் சொல்லிக்கிட்டோம். சமீபத்துல இந்த முறிவோட வரலாற்றைத் தேடிப் படிச்சப்புறம், அந்தச் சமாதானம் போயிருச்சு.

இடுப்பு ஒடிஞ்சதுன்னு நாம சொல்றது பெரும்பாலும் தொடை எலும்போட மேல்முனை. 1822-ல லண்டன் சர்ஜன் ஆஸ்ட்லி கூப்பர் இதை ரெண்டு வகையாப் பிரிச்சார். மூட்டை மூடியிருக்கிற பைக்கு வெளியே ஒடிஞ்சா எலும்பு சேரும். உள்ளே, கழுத்துப் பகுதியில ஒடிஞ்சா சேர்றது கஷ்டம். எலும்போட பந்து மாதிரியான தலைக்கு ரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் போகுது. ஒடியறப்போ அந்த ரத்தக்குழாயும் அறுந்துரும். எத்தனை இறுக்கிக் கட்டினா என்ன?

சேர்ற வகையிலயும் சிக்கல் உண்டு. கால்ல எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கா படுக்கணும். படுக்கைப் புண், நிமோனியா, ரத்தக்கட்டின்னு ஒவ்வொண்ணா வரும். ஆள் போறது பெரும்பாலும் இதுலதான்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. ராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெசவுக்குப் பேர் போன ஊரு. துணிக்கு நம்மகிட்ட பஞ்சமே இல்ல. ஆனா இந்த முறிவுக்குத் துணி போதாது.

வழி பிறந்தது 1925-ல. பாஸ்டன்ல ஸ்மித்-பீட்டர்சன் மூணு இதழ் வச்ச உலோக ஆணியை உள்ளே அடிச்சு எலும்பை நிறுத்தினார். 1950-கள்ல ஆஸ்டின் மூர், ஒடிஞ்ச தலைக்குப் பதிலா உலோகத் தலையே வைக்கிற முறையைக் கொண்டுவந்தார். 1962-ல ஜான் சார்ன்லி முழு மூட்டையும் மாத்திக் காட்டினார். ஆக மொத்தம், ஆளைக் கட்டில்ல இருந்து சீக்கிரம் எழுப்புற வரலாறுதான் இது.

ஆணி மட்டும் போதுமா? இங்கிலாந்துல 2007-ல இதுக்குன்னே ஒரு தேசியப் பதிவேடு ஆரம்பிச்சாங்க. சீக்கிரம் ஆபரேஷன், கூடவே முதியோர் மருத்துவர் கவனிப்புன்னு அளந்து பார்த்தாங்க. முப்பது நாளுக்குள்ள இறக்குறவங்க 10.9 சதவீதத்துல இருந்து 2011-க்குள்ள 8.5-ஆ குறைஞ்சுது.

நம்ம நாட்டுக்கு வந்தா, ஹரியானா ரோத்தக் மாவட்டத்துல எடுத்த கணக்கு 2013-ல வெளிவந்துச்சு. 50 வயசு தாண்டினவங்கள்ல லட்சத்துக்கு 129 பேர், வருஷத்துக்கு. பெண்கள் 159, ஆண்கள் 105. தமிழ்நாட்டுல முதியோர் மருத்துவம் புதுசு இல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-லயே முதியோருக்குத் தனிப் புறநோயாளிப் பிரிவு ஆரம்பிச்சிட்டார். 2021-ல வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபி வீட்டுக்கே வருது.

அதனால மக்களே, வயசானவங்க விழுந்து கால் ஊன்ற முடியலன்னா எண்ணெய் போட்டு உருவாதீங்க. அன்னைக்கே எக்ஸ்ரே எடுங்க. "இந்த வயசுல ஆபரேஷனா?"ன்னு தயங்குறதுக்கு முன்னாடி, "இந்த வயசுல மூணு மாசப் படுக்கையா?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

போன வாரம் ஊருக்குப் போனப்போ பாத்ரூம்ல கைப்பிடி மாட்டிட்டு வந்தேன். தாத்தாவுக்கு எண்பது ஆகுது. "எனக்கு எதுக்குடா இது?"ன்னு திட்டினார். மறுநாள் காலையில அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வெளியே வந்தார் :-)